பதினொன்று என்று எழுதி வைத்திருந்தேன்

என் கைப்பேசியில் அழிக்க மனம் வராத குறிப்பு ஒன்று கிடக்கிறது. இரவு 9.40, 10.05, 10.50, 11.20 என்று ஆரம்பித்து விடிகாலை 4.35-இல் முடியும். மொத்தம் 11 வரிகள். சித்திக்கு வயிற்றுப்போக்கு கண்ட இரவில், காலையில் டாக்டர் கேட்டால் திருதிருவென்று முழிக்கக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நேரம் பார்த்து நான் எழுதியது. வீட்டில் ஒருத்தனாவது நிதானமாக இருக்கிறேனே என்று அப்போது எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு வருடம் ஆகிறது. வேறு எதையாவது தேடும்போது அந்தக் குறிப்பு கண்ணில் படும், ஒருமுறை படித்துவிட்டு மூடிவிடுவேன். அதில் இல்லாத ஒன்றுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அன்றைக்கு வீட்டில் சித்தி, பெரியம்மா, நான் என்று மூன்று பேர்தான். பெருமழை விட்டு நான்கைந்து நாள் ஆகியிருந்தது. சித்திக்கு 54 வயது, வியாதி என்று படுத்து நான் பார்த்ததில்லை. முதல் இரண்டு தடவை போய்விட்டு வந்தபோது அவரே சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன். "வலியெல்லாம் ஒண்ணுமில்லடா, தண்ணியாப் போகுது, அவ்ளோதான்." காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, சளி இல்லை, முறுக்கிப் பிடிக்கும் வலியும் இல்லை. எங்களுக்கு அதில் ஒரு நிம்மதி. வலியும் காய்ச்சலும் இருந்தால்தானே பயப்படவேண்டும் என்று நினைத்தோம். காலராவுக்கு முகம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை: திடீரென்று, வலியில்லாமல், நிற்காமல், தண்ணீராக.

நடுநிசிக்குப் பிறகு போனதை மலம் என்றே சொல்லமுடியாது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்து, அங்கங்கே வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. வழக்கமான நாற்றம் இல்லை, லேசாக மீன் கவிச்சி போல ஒரு வாடை. "கழிவெல்லாம் போய் வயிறு சுத்தமாயிடுச்சு, இனி நின்னுரும்" என்றார் பெரியம்மா. நானும் தலையாட்டினேன். நோயின் உச்சியை நாங்கள் இருவரும் நோயின் முடிவாகப் படித்த இடம் அது.

ஒரு மணி சுமாருக்குச் சித்தி தண்ணீர் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அரை டம்ளர் குடித்திருப்பார், குமட்டலே இல்லாமல் அப்படியே பீறிட்டு வெளியே வந்தது. "குடுக்காதடா, உள்ள போறதெல்லாம் வெளியதான் வரும். வயிறு கொஞ்சம் காயட்டும்" என்றார் பெரியம்மா. சித்தி மறுபடி கையை நீட்டினார். நான் டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி ஜன்னல் திட்டில் வைத்தேன். கட்டிலிலிருந்து கை எட்டாத தூரம். இரண்டு, மூன்று தடவை கேட்டார். "கொஞ்சம் பொறுங்க சித்தி" என்றேன். அப்புறம் அவர் கேட்கவில்லை. தாகம் அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். குரல் போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நான்கு மணி வாக்கில் கெண்டைக்கால் இரண்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டன, தேய்த்துவிட்டோம். கையைப் பிடித்தபோது விரல் நுனியெல்லாம் நாள் முழுக்கத் துணி துவைத்தவரின் விரல் போலச் சுருங்கிக் கிடந்தது. கண் குழிக்குள் போயிருந்தது. விளக்கு வெளிச்சம் சரியில்லை என்று நினைத்தேன். மனம் எதையெல்லாம் காரணமாகப் பிடித்துக்கொள்கிறது பாருங்கள்.

அந்தக் கேள்வி

ஐந்தே கால் மணிக்கு மருத்துவமனை. டாக்டர் வருவதற்குள் ஒரு நர்ஸ் வந்தார், வயதானவர். நான் கைப்பேசியைத் திறந்து தயாராக நின்றேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. சித்தியின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. நின்றுவிட்டு, ஏதோ யோசித்து முடிவெடுப்பதுபோல மெதுவாக இறங்கியது. என் கையில் கிள்ளிப் பார்த்தேன், உடனே சமமாகிவிட்டது. அப்போதுதான் எனக்கு முதன்முதலாக அடிவயிற்றில் பயம் பிடித்தது. நாடியைத் தேடினார், மணிக்கட்டில் கிடைக்கவில்லை.

"கடைசியா எப்போ ஒண்ணுக்குப் போனாங்க?"

பெரியம்மா என்னைப் பார்த்தார், நான் பெரியம்மாவைப் பார்த்தேன். 11 வரிகள் எழுதியவனிடம் அதற்குப் பதில் இல்லை.

"என்ன குடிச்சாங்க ராத்திரி பூரா?"

"ஒண்ணும் குடுக்கலை சிஸ்டர், நிறுத்திட்டோம்" என்றேன். சரியாகச் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிற குரலில்தான் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஏற்கனவே நரம்பு தேட ஆரம்பித்திருந்தார், நரம்புகள் அமுங்கிப் போயிருந்ததால் இரண்டு தடவை தவறி மூன்றாவது தடவைதான் கிடைத்தது. அப்புறம் இன்னொரு கையிலும் ஒன்று. ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் பைகள் சொட்டுச் சொட்டாக ஏறும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அது குழாயைத் திறந்துவிட்டது மாதிரி ஓடியது. கணக்கு பின்னால் தெரிந்தது: உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லி, அதில் 30 மில்லி முதல் அரை மணிக்குள், மீதி 70 அடுத்த இரண்டரை மணி நேரத்தில். 55 கிலோ இருந்த சித்திக்கு மூன்று மணி நேரத்தில் ஐந்தரை லிட்டர். ஒரு ராத்திரியில் அவ்வளவு தண்ணீர் ஒரு உடம்பிலிருந்து போயிருக்கிறது, அது போவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் குறித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் திரும்பி வந்தது குரல்தான். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, "ஏன்டா இப்படி நிக்கிற, உக்காரு" என்றார். வாடிச் சாய்ந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் சாயங்காலத்துக்குள் நிமிரும் என்பார்கள், இது அதைவிட வேகம். பிறகு நர்ஸ் ஒரு டம்ளரில் ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைப் பொடியைக் கரைத்து என் கையில் கொடுத்தார். "இனிமே இது உங்க வேலை தம்பி. ஒவ்வொரு தடவை போனதும் ஒரு டம்ளர். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விடுங்க, அப்புறம் ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமா. போறதை எழுதுனீங்கள்ல, உள்ள போறதையும் எழுதுங்க." என் குறிப்பை அவர் பார்த்திருக்கிறார்.

குறிப்பில் இல்லாத பாதி அதுதான்.

ஏமாற்றமளிக்கும் மருந்து

பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் சொன்னதில் கண்ணுக்குத் தெரிகிற நியாயம் இருந்தது: குடித்தார், வெளியே வந்தது, ஆகவே குடிக்காமல் இருந்தால் வெளியே வராது. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றாதே என்பது போல. படித்த டாக்டர்களே பல காலம் இதைவிட மோசமாகத்தான் நடந்துகொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டில் காலரா கண்டு வறண்டு கிடந்தவர்களின் கையைக் கீறி ரத்தம் எடுத்தார்கள், பேதி மருந்தும் கொடுத்தார்கள். 1832-இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர், சாகக் கிடந்த ஒரு வயதான பெண்மணியின் நரம்பில் உப்புக் கரைசலை ஏற்றிப் பார்த்தார். மூன்று லிட்டருக்கு மேல் போனதும் குழிந்த கண் நிமிர்ந்து, முகத்தில் உயிர் வந்தது. பிழைத்துவிட்டார் என்று நம்பி லாட்டா அவரை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பினார். வயிற்றுப்போக்கு திரும்ப ஆரம்பித்தது, கரைசலை யாரும் திரும்ப ஏற்றவில்லை, சில மணி நேரத்தில் அந்த அம்மாள் இறந்துபோனார். போவது நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும் என்ற அந்தச் சின்ன விஷயம் பிடிபடவில்லை. அடுத்த வருடம் லாட்டாவும் இறந்துவிட்டார், அவருடைய முறையும் பல பத்தாண்டுகள் மூலையில் கிடந்தது.

உள்ளே என்னதான் நடக்கிறது என்று எனக்குப் பிறகு ஒரு வெறியே பிடித்துவிட்டது, கிடைத்ததையெல்லாம் படித்தேன். கிருமி குடல் சுவரை அரிப்பதில்லை, துளைப்பதில்லை, ரத்தத்துக்குள் போவதில்லை. அதனால்தான் வலியும் காய்ச்சலும் பெரிதாக இருப்பதில்லை. அது ஒரு நச்சை விடுகிறது. அந்த நச்சு குடல் செல்களில் இருக்கிற ஒரு விசையை அமுக்கி, அமுக்கினபடியே பூட்டிவிடுகிறது. செல்லிலிருந்து உப்பு குடலுக்குள் கொட்டுகிறது, உப்பைத் துரத்திக்கொண்டு தண்ணீரும் கொட்டுகிறது. கொல்வது அந்த நச்சுதான் என்று 1959-இல் கல்கத்தாவில் சம்பு நாத் தே என்ற ஆய்வாளர் நிரூபித்தார், கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்த வடிநீரை முயலின் குடலில் செலுத்தி. வெறும் தண்ணீர் குடித்தால் சரியாக உறிஞ்சப்படாமல் போகிறது. ஆனால் சர்க்கரையும் உப்பும் ஜோடியாக உள்ளே போகிற வாசல் ஒன்று குடலில் இருக்கிறது, அதை மட்டும் இந்த நச்சால் பூட்டமுடிவதில்லை. இரண்டும் சேர்ந்து போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன. ஒரு பாக்கெட் ஓஆர்எஸ்ஸின் சூட்சுமம் முழுக்க இவ்வளவுதான். 1968-இல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை வயதுவந்த நோயாளிகளிடம் சோதித்துக் காட்டினார்கள். 1971-இல் வங்கதேசப் போரின்போது போங்கான் அகதி முகாமில் நரம்பு வழி ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்துபோக, திலிப் மகலானபிஸ் என்ற மருத்துவர் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சாப்பாட்டு உப்பு, இரண்டரை கிராம் சோடா உப்பு என்று டிரம்மில் கலக்கச் சொல்லி, நோயாளிகளின் அம்மா, அண்ணன், அத்தை கையிலேயே கொடுத்துவிட்டார். 30 சதவீதமாக இருந்த இறப்பு நாலு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. நர்ஸ் என் கையில் டம்ளரைக் கொடுத்ததற்கு அப்படி ஒரு முன்கதை இருக்கிறது.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறு. ஓஆர்எஸ் வயிற்றுப்போக்கை நிறுத்தாது. இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. கொடுக்கக் கொடுக்க அது போய்க்கொண்டேதான் இருக்கும், காலராவில் இரண்டு, மூன்று நாள்கூட. மருந்து என்றால் நிற்கவேண்டும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவனுக்கு இது மருந்தாகவே தெரியாது. வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்து வருடம் வீடு வீடாகப் போய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில், உப்பும் வெல்லமும் கலந்த கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தது. அம்மாக்கள் அழகாகச் செய்து காட்டினார்கள். ஆனால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான் என்பது ஆரம்பத்திலேயே தெரியவந்தது. தோண்டிப் பார்த்தால், சொல்லிக்கொடுக்கப் போன பணியாளர்களிலேயே பலருக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. வீட்டு ஆண்களிடம் யாரும் பேசியிருக்கவும் இல்லை. பிறகு இரண்டையும் சரிசெய்தார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஓஆர்எஸ் என்ற பெயர் எனக்குத் தெரியாதா என்ன? அன்றைக்கு வீட்டு அலமாரியில் இரண்டு பாக்கெட் இருந்தது. வாந்தி நின்ற பிறகு கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன்! வயிற்றுப்போக்கை அடைக்கும் மாத்திரையைத் தேடி ஒன்று கொடுத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதுவும் வாந்தியில் போய்விட்டது. நல்லவேளை, இந்த நோயில் அதைக் கொடுக்கவே கூடாதாம்.

பாக்கெட் கையில் இல்லாதவர்களுக்கு: கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கலக்கி நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், கண்ணீரைவிடக் கரித்தால் உப்பு அதிகம், கொட்டிவிட்டு வேறு கலக்குங்கள். ஒருநாளுக்கு மேல் வைக்கவேண்டாம். இது மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க அல்ல, போகிற வழியில் கொடுத்துக்கொண்டே போக. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர்கூட வெளியேறும், ஆரோக்கியமான ஆளே சில மணி நேரத்தில் போய்விடலாம், அப்படிப்பட்டவருக்கு நரம்பு வழியாக ஏற்றித்தான் ஆகவேண்டும். ஒழுங்கான சிகிச்சை கிடைத்தால் நூற்றில் ஒருவர்கூட இறப்பதில்லை. கடுமையாகக் கண்டு சிகிச்சையே கிடைக்காவிட்டால் பாதிப் பேர் வரை இறக்கலாம். இவ்வளவு பெரிய இடைவெளி வேறு எத்தனை நோய்களில் இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன்.

வாய்க்கால்

சித்தி நான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். கதை அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

ஆசனவாயிலிருந்து பஞ்சில் எடுத்த மாதிரி ஆய்வகத்துக்குப் போய், காலராதான் என்று முடிவு வர மூன்று நாள் ஆனது. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை, தண்ணீர் ஏற்றுவதும் ஒரே வேளை டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையும் முதல் நாளே முடிந்துவிட்டது. முடிவு வேறு ஒன்றுக்குத் தேவைப்பட்டது. சுகாதாரத் துறையிலிருந்து இருவர் தெருவுக்கு வந்து வீடு வீடாகக் கேட்டார்கள். எதிர்வீட்டில் முந்தின நாளே ஒருவருக்குப் போயிருக்கிறது. மூன்று வீடு தள்ளி ஒரு பாட்டிக்கு. கோடியில் ஒரு சின்னப் பையனுக்கு. எல்லா வீட்டிலும் ஒரே பதில், "ஏதோ சாப்பாடு ஒத்துக்கல." பெரியம்மாவும் சொந்தக்காரர்களிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். வாந்திபேதி என்ற சொல்லை வாயில் எடுக்கவே கூசினார், அது ஏதோ வீட்டைப் பற்றிய சாட்சியம் என்பதுபோல. நாலு வீட்டுக்காரர்களும் தினம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நாலு தனித்தனி அஜீரணங்களை வைத்திருந்தோம். ஒரே ஒருவர் வாய் திறந்திருந்தால் மற்ற மூன்று வீடும் தண்ணீரைக் கொதிக்கவைத்திருக்கும்.

வந்தவர்களில் ஒருவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. குழந்தைகளுக்குத் தண்ணீராகப் போய் வறண்டுபோவது பல கிருமிகளால் நடக்கும், அதை வைத்து காலரா என்று கத்தமுடியாது. ஆனால் வளர்ந்த ஒருவர் ஒரே ராத்திரியில் தண்ணீராகப் போய்ச் சுருண்டு விழுந்தால் வேறு எதையும் முதலில் நினைக்கக்கூடாது. நோய் இன்னும் தெரியவராத இடத்தில், இரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒருவர் அப்படிக் கடுமையாக வறண்டாலோ இறந்தாலோ அவர் ஒருவரே சந்தேகத்துக்குப் போதும், தகவல் சொல்லிவிடவேண்டும் என்பதுதான் விதியாம். பரவல் என்று அறிவித்த பிறகு ஒருநாளில் மூன்று தடவை தண்ணீராகப் போன யாரும் கணக்கில் வருவார்கள். அந்த முதல் ஆளைச் சொல்லாமல் விடுவதில்தான் எல்லாம் இருக்கிறது.

அப்புறம் தெருக்குழாய்த் தண்ணீரை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்தார், ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்கினார். குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறவேண்டும். நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்தோம். மாறவில்லை. பளிங்கு மாதிரி அப்படியே இருந்தது. எங்கள் தெருத் தண்ணீர் எவ்வளவு தெளிவு என்று பெருமைப்பட்டவர்கள் நாங்கள். குடிக்கும் இடத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கவேண்டிய குளோரின் எங்கே போனது என்று குழாயைத் தொடர்ந்து போனார்கள். வீடுகளுக்குப் பின்னால் கழிவுநீர் வாய்க்காலுக்குள்ளேயே, அதில் முங்கியபடி, குடிநீர்க் குழாய் ஓடுகிறது. இணைப்பில் விரிசல். தண்ணீர் விடுகிற நேரத்தில் உள்ளே அழுத்தம் இருப்பதால் வெளியே கசியும், பரவாயில்லை. விடாத நேரத்தில் அழுத்தம் விழுந்து குழாய் வெளியில் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த தடவை திறந்ததும் வரும் முதல் தண்ணீர் அதுதான். அதைத்தான் நாங்கள் வரிசையில் நின்று பிடித்தோம்.

இப்போது நான் யாரிடமும் சொல்லாத பகுதிக்கு வருகிறேன். அன்று ராத்திரி மூன்று மணிக்குச் சித்தியின் படுக்கை விரிப்பை நான்தான் அலசினேன். பிளீச்சிங் பவுடரோ கொதிநீரோ எதுவும் இல்லை, வெறும் தண்ணீர். அலசின இரண்டு பக்கெட்டையும் கொண்டுபோய் ஊற்றியது அந்த வாய்க்காலில். வேறு எங்கே ஊற்றுவார்கள், அதற்குத்தானே வாய்க்கால். கோடி வீட்டுப் பையன் அதற்கு இரண்டு நாள் கழித்துப் படுத்தான். கிருமி உள்ளே போய் நோய் வெளிப்பட 12 மணி நேரம் முதல் ஐந்து நாள் வரை ஆகும். கணக்குப் பொருந்துகிறது. பொருந்தாமலும் இருக்கலாம், எதிர்வீட்டுக்காரருக்கு எங்களுக்கு முன்பே வந்திருந்ததே. கிருமி உள்ளே போனவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுமே செய்யாமலோ லேசாகப் போனதோடோ முடிந்துவிடும், அவர்களும் ஒரு நாள் முதல் பத்து நாள் வரை கிருமியை வெளியே விட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். ஆக யாருடையது எங்கே போனது என்று யாராலும் சொல்லமுடியாது. எனக்கு அது ஆறுதலாக இருக்கவேண்டும், இல்லை.

லண்டன் பிராட் தெருவில் காலரா பரவுவது அங்கிருந்த பம்புத் தண்ணீரால்தான் என்று ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் சொன்னது, அந்தப் பம்பின் கைப்பிடியைக் கழற்றியது, இதெல்லாம் பள்ளிப் புத்தகக் கதை, எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதில் இப்போது வேறொருவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். பம்பை ஒட்டிய 40ஆம் எண் வீட்டில் லூயிஸ் என்ற குடும்பம். அவர்களின் ஐந்து மாதக் குழந்தைக்கு 1854 ஆகஸ்ட் கடைசியில் வயிற்றுப்போக்கு. குழந்தையின் துணியை அலசின தண்ணீரை அந்த அம்மா வீட்டுக்கு முன்னால் இருந்த கழிவுக்குழியில் ஊற்றினார். குழியின் செங்கல் சுவர் இற்றுப்போயிருந்தது, பம்பின் கிணறோ மூன்றடிகூடத் தள்ளி இல்லை. இதைத் தேடிக் கண்டுபிடித்தவர் ஸ்னோவும் இல்லை, ஸ்னோ சொன்னது தவறு என்று காட்டக் கிளம்பிய ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார். செப்டம்பர் 8 அன்று கைப்பிடியைக் கழற்றினார்கள். அதற்குள் நோய் தானாகவே தணிந்துவிட்டது, கழற்றினதால் பெரிய பயன் இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் அதே நாளில்தான் குழந்தையின் அப்பாவுக்கு நோய் கண்டது. அந்த அம்மா மறுபடி அலசினார், மறுபடி அதே குழியில் ஊற்றினார். வேறு எங்கே ஊற்றுவார்? இந்தத் தடவை பம்புக்குக் கைப்பிடி இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அவருக்கு இது எப்போதாவது தெரிந்ததா, தெரிந்தபின் எப்படித் தூங்கினார் என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தெருவில் குழாயை மாற்ற இரண்டு மாதம் ஆனது. அதுவரை குளோரின் மாத்திரை கொடுத்தார்கள், போட்டு அரை மணி கழித்துக் குடிக்கவேண்டும், வாடை பிடிக்கவில்லை என்று பாதிப் பேர் போடவில்லை. கொதிக்கவைப்பதில் ஒரு விஷயம்: நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும், பத்து நிமிடம் தேவையில்லை. ஆனால் கொதிக்கவைத்த தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, டம்ளரோடு விரலையும் முக்கி எடுத்தால் கொதிக்கவைத்தது வீண். பெரியம்மாவுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது, கடைசியில் குழாய் வைத்த மூடுபாத்திரம் வாங்கி வாதத்தை முடித்தேன். கழிப்பறை போய்விட்டு வந்தும் சாப்பாட்டில் கை வைக்கும் முன்பும் சோப்பு, இது எல்லோருக்கும் தெரிந்தது, எல்லோரும் செய்யாதது. நோயாளியின் துணியைக் குளோரின் கரைசலில் ஊறப்போட்டோ கொதிக்கவைத்தோதான் அலசவேண்டும், கிணற்றடியிலும் குழாயடியிலும் அலசக்கூடாது. இறந்தவர் உடலைக் குளிப்பாட்டிய கையோடு பந்தி பரிமாறி நோய் பரவியதும் உண்டு. வாயில் ஊற்றும் தடுப்பு மருந்து இருக்கிறது, இரண்டு வேளை கொடுத்தால் மூன்று வருடமாவது காக்கும். உலகக் கையிருப்பு போதாமல் 2022 அக்டோபரில் பரவல் நடக்கும் இடங்களுக்கு ஒரே வேளை என்று குறைத்தார்கள். எங்கள் தெருவரைக்கும் அது வரவில்லை.

எங்கள் வீட்டுக்கு ஒரு மாதம் யாரும் வரவில்லை. தண்ணீர் கொடுத்தால் வாங்கமாட்டார்கள். அதே குழாயில் பிடித்த தண்ணீரைத் தங்கள் வீட்டில் குடித்துக்கொண்டே எங்கள் வீட்டில் வேண்டாம் என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்தாலோ தொட்டுப் பேசினாலோ இது தொற்றுவதில்லை, வாய் வழியாகப் போனால்தான். பையனின் அம்மா மட்டும் வந்தார். பையன் பிழைத்துவிட்டான், துத்தநாக மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பத்து நாளுக்குக் குறையாமல் கொடுக்கச் சொன்னார்கள், நல்லாயிட்டானே நிறுத்திடலாமா என்று கேட்க வந்தார். நிறுத்தாதீங்க என்றேன். விரிப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

இதை எழுதப்போகிறேன் என்று போன வாரம் சித்தியிடம் சொன்னேன். "எழுது, என் பேரைப் போடாதே" என்றார். டம்ளரை வாங்கி வைத்தது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார், ஜன்னல் திட்டில் அது இருந்த இடம்கூட. கோபமெல்லாம் இல்லை. கைப்பேசியை எடுத்து அந்தக் குறிப்பைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"பதினொண்ணு இல்லடா, பதிமூணு. ரெண்டு தடவை நீ தூங்கிட்ட."